வெள்ளைக் கொடும்பாவி

அந்தப் புத்தகத்தின் மேல்மூலையில் ஒரு துளை இருக்கிறது. கயிறு நுழைத்த துளை. கயிற்றை அவிழ்த்து வருஷங்கள் ஆகியும் தேங்காய் நாரின் பிசிறு ஒன்று அட்டையை விட்டுப் போகவில்லை. கோடை விடுமுறையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் எடுத்துவைக்க பள்ளி அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் முதலில் கையில் தட்டுப்படுவது அதுதான். அதைத் தொட்டதும், வேறெதையும் எடுப்பதற்கு முன்பே, எனக்கு ஓர் அசதி வந்துவிடுகிறது.

அப்போது உலகச் சண்டைக் காலம். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில், இன்றும் நான் இருக்கும் இதே மிஷன் பள்ளியில், எனக்கு முதல் வேலை. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். மழை பொய்த்து, கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் அந்தக் கண்மாயில் மண் வெட்டுகிற கூலிக்குப் போனார்கள். கைக்குழந்தையைக் கருவேல மரத்தில் தொட்டில் கட்டிப் போடலாம். நடக்கத் தெரிந்த பிள்ளைகளை என்ன செய்வது? விடுமுறையானாலும் பள்ளிக்கூடத்தைத் திறந்துவைத்துத் தான் பார்த்துக்கொள்வதாக டீச்சரம்மா சொல்லிவிட்டார்.

டீச்சரம்மா எங்கள் பள்ளியின் சின்ன வகுப்பு ஆசிரியை. பாளையம்பட்டிக்காரர், கிறிஸ்தவக் குடும்பம். பர்மாவுக்கு வேலைக்குப் போன கணவரைப் பற்றி, சண்டை தொடங்கியபின் ஒரு சேதியும் இல்லை. இருக்கிறார் என்று நினைப்பதா, இல்லை என்று அழுவதா என்று தெரியாத நிலையில் இருந்தார். அதைப் பற்றிப் பேசமாட்டார். எப்போதும் களைத்த முகம், கொஞ்சம் சிடுசிடுப்பு. பிள்ளைகள் மட்டும் அதைக் கண்டுகொள்வதில்லை.

பிள்ளைகள் வெயிலில் அலையாமல் உள்ளே இருக்க ஏதாவது வேண்டும். அருப்புக்கோட்டையில் போதகர் ஐயா வீட்டில், சண்டைக்கு முன்பு கப்பலில் வந்த சீமைப் படப்புத்தகங்கள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. டீச்சரம்மாவும் நானும் வண்டி பிடித்துப் போய்க் கேட்டோம். “ரெண்டு மூணு எடுத்துட்டுப் போங்கம்மா. கிழியாமத் திரும்பி வந்துச்சுன்னா பெட்டியவே ஒங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிருதேன்” என்றார் போதகர். டீச்சரம்மா அந்தப் பெட்டியைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. தண்ணீர்க் குடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

நான் எழுத்துப் புத்தகத்தையும் ரயில் என்ஜின் படங்களையும் எடுத்து நீட்டினேன். “ஏந்தம்பி, லீவுலயும் பாடமா? அதுகளே வெயிலுல கெடந்து அவியுதுக” என்று ஒதுக்கினார். ஒரு புத்தகத்தில் மேசை நிறைய ரொட்டியும் பழமும் பரப்பியிருந்தது. இரண்டு பக்கம் புரட்டியவர் பட்டென்று மூடினார். “மத்தியானம் கஞ்சி வருமா வராதான்னு இருக்கிற பிள்ளைக்கு இதக் காட்டவா?” இன்னொன்றில் நாயும் பையனும் ஒரே கட்டிலில் தூங்கினார்கள். “இதக் காட்டுனா நாளைக்கு ஊர் நாயெல்லாம் வகுப்புல வந்து படுத்துக்கிரும்” என்றபோது மட்டும் லேசாகச் சிரித்தார். இப்படிக் கழித்துக் கழித்துக் கடைசியில் வெள்ளை அட்டை போட்ட ஒன்றில் நின்றார்.

சீமைப் பிள்ளைகள் கொட்டிக் கிடக்கும் பனியை உருட்டி ஓர் ஆள் செய்கிறார்கள். தொப்பி வைக்கிறார்கள். பக்கம் நிறைய வெள்ளையாக அந்த ஆள் நிற்கிறான். பிறகு வெயில் வருகிறது. கடைசிப் பக்கத்தில் தண்ணீர் தேங்கிக் கிடக்க, நடுவில் தொப்பி மட்டும் இருக்கிறது. எங்கள் இருவரில் யாரும் அப்படிப் பனியைப் பார்த்ததில்லை. டீச்சரம்மா அந்தத் தாளின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். “கண்ணுக்காச்சும் குளுகுளுன்னு இருக்கட்டும் தம்பி.” அதையும் இன்னும் இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தோம்.

பிள்ளைகளுக்கு மற்ற இரண்டும் பிடிக்கவில்லை. இதையே கேட்டார்கள். “பருத்தி அம்பாரமா டீச்சர்?” என்றான் ஒருவன். மண் வெட்டுகிற பெண்களுக்குத் தலைவியான கொத்துக்காரியின் மகள், சூட்டிகையான பெண், கடைசிப் பக்கத்தை விட்டு நகரவில்லை.

“இவுக எங்க போனாக?”

“வெயில்ல உருகிட்டாரு” என்றார் டீச்சரம்மா.

“உருகுனா அம்புட்டும் தண்ணியா?”

“ஆமா, அம்புட்டும்.”

அவள் பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்தாள். எல்லாத் தலைகளும் அந்தப் பக்கத்தின்மேல் குனிந்தன. படத்தில் மனம் லயித்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

மழை பொய்த்தால் எங்கள் பக்கத்தில் கொடும்பாவி கட்டுவார்கள். வைக்கோலில் ஆள் உருவம் செய்து, ஊர்ப் பாவத்தையெல்லாம் அதன் தலையில் ஏற்றி, செத்தவருக்கு அழுவதுபோல் மாரடித்து அழுது, தெருத்தெருவாக இழுத்துப்போய் ஊரெல்லையில் எரிப்பார்கள். அந்த வருஷம் மாட்டுக்கே வைக்கோல் இல்லை. கட்டாமலே விட்டிருந்தார்கள்.

வெயில் தாழ்ந்த ஒரு பொழுது. பின்பக்கம் நானும் டீச்சரம்மாவும் பானையில் கஞ்சி கரைத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று ஒப்பாரி கேட்டது. முன்பக்கம் வந்து பார்த்தால் வகுப்பு காலி. தெருவில் பிள்ளைகள் வரிசையாகப் போகிறார்கள். ஒருவன் சட்டியைத் தட்டுகிறான். கொத்துக்காரி மகள் மாரில் அடித்துக்கொண்டு, “வெள்ளையா நின்னவுகளே, வெயிலோட போனவுகளே” என்று ராகம் இழுக்கிறாள். அவள் பின்னால் புழுதியில் கயிறு கட்டி இழுபட்டு வந்தது அந்தப் புத்தகம், பனி ஆள் பக்கம் விரித்தபடி.

எங்கள் வீட்டில் புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அதைப் பிடுங்க ஓடப் போனேன். டீச்சரம்மா என் கையைப் பிடித்தார். “நில்லுங்க தம்பி.”

கண்மாயிலிருந்து பெண்கள் திரும்பிவரும் நேரம் அது. “ஏலே, சட்டி ஒடஞ்சா ஒங்கப்பனா வாங்கித் தருவான்?” என்று முதலில் வைதது கொத்துக்காரிதான். பிறகு புத்தகத்தைக் குனிந்து பார்த்தாள்.

“இது ஆருடி?”

“கொடும்பாவி ஆத்தா. வெயில்ல செத்து அம்புட்டும் தண்ணியா ஓடிரும். டீச்சரே சொன்னாக.”

யாரும் சிரிக்கவில்லை. கொத்துக்காரி மண்கூடையை இறக்கிவைத்தாள். பிறகு அவள் அழத் தொடங்கினாள். அது விளையாட்டு அழுகை இல்லை. மற்ற பெண்களும் கூடைகளை வைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள். நான் டீச்சரம்மாவைப் பார்த்தேன். அவர் முந்தானையை வாயில் அடைத்திருந்தார்.

அழுதபடியே எல்லாரும் ஊரெல்லை வரை இழுத்துப் போனார்கள்; அங்கே ஒருத்தி நெருப்பு கொண்டுவந்தாள். அப்போதுதான் டீச்சரம்மா முன்னால் போய்ப் புத்தகத்தை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார்.

“எரிக்காமக் கொண்டுபோகப்படாது டீச்சர்” என்றாள் கொத்துக்காரி, மரியாதையாகத்தான். “மழ வராது. நாளைக்கு ஊரு ஒங்களத்தான் சொல்லும்.”

“இது எம்பொருள் இல்ல தாயி. திருப்பிக் குடுக்கணும். குடுத்தாத்தான் பிள்ளைகளுக்கு இன்னும் புஸ்தகம் வரும்.”

“புஸ்தகம் வரும். மழ?”

டீச்சரம்மா புத்தகத்தின் புழுதியைத் துடைத்தார். பக்கங்களைப் புரட்டினார். பனி ஆள் நின்ற அந்த ஒரு தாளை மட்டும் நிதானமாகக் கிழித்து நெருப்பிடம் நீட்டினார். வழவழப்பான தாள், சட்டென்று பிடிக்காமல் சுருண்டு சுருண்டு எரிந்தது.

புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொன்னார். போதகர் கோபப்படவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இத நீங்களே வச்சுக்கங்கம்மா” என்று அந்த ஒன்றை மட்டும் திருப்பித் தந்தார். பெட்டியைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மழையும் வரவில்லை. ஒரு சாயங்காலம் மேற்கே கறுத்துக் கூடி, கமுதிப் பக்கம் கலைந்து போனது. “ஒத்தத் தாளுக்கு என்ன மழ வரும்? முழுசாக் குடுத்திருக்கணும்” என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது டீச்சரம்மா காதிலும் விழுந்தது.

“ஊருக்குப் பாதி, போதகருக்குப் பாதின்னு குடுத்தேன் தம்பி. ரெண்டு பேருக்கும் பத்தல” என்றார் என்னிடம். அவ்வளவுதான். பள்ளி திறந்த கையோடு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார். பர்மாவிலிருந்து ஏதாவது சேதி வந்ததா என்று எனக்குத் தெரியாது.

சண்டை முடிந்துவிட்டது. இந்தக் கோடையிலும் பெண்கள் கண்மாய்க்குத்தான் போகிறார்கள். அலமாரியில் இப்போது இன்னும் சில புத்தகங்கள் இருக்கின்றன, அங்கங்கே கேட்டு வாங்கிச் சேர்த்தவை. எடுத்துவைக்கும்போது கவனித்தேன். சாப்பாட்டுப் படம் வந்தால் என் கை தானாக மூடிவிடுகிறது. எழுத்துப் புத்தகத்தை நானே ஒதுக்குகிறேன். வெள்ளை அட்டைப் புத்தகத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு வருஷமும் யோசிக்கிறேன், ஒவ்வொரு வருஷமும் கொடுக்கிறேன்.

இன்று அதை மடியில் விரித்திருந்த சின்னப் பெண் பனி உருட்டும் பிள்ளைகளைப் பார்த்தாள். அடுத்துக் கிழிந்த விளிம்பை விரலால் தடவினாள். அடுத்துத் தண்ணீரும் தொப்பியும். நடுவில் யார் இருந்தார்கள் என்று கேட்பாள் என எதிர்பார்த்துப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. தண்ணீரில் விரலை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“இம்புட்டுத் தண்ணி எந்தூர்ல சார் கெடக்கு?”

எனக்கும் தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. மூலையில் துளை விழுந்த அட்டையை மூடி, மறுபடியும் முதலிலிருந்து புரட்டத் தொடங்கினாள்.