சான்று எண் பதினேழு

முப்பத்திரண்டு வருடம் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர் அவர். உதவியாளர் என்றால் பாட்டில் கழுவுகிறவர். தவளை, மீன், ஓணான், தேள், இரண்டு தலையோடு பிறந்து செத்த ஆட்டுக்குட்டி என்று மருந்துத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த இருநூற்றுப் பதினான்கு ஜீவன்கள் அவர் பொறுப்பில் இருந்தன. மருந்து வற்றினால் ஊற்றுவார். தூசி படிந்தால் துடைப்பார். லேபிள் கிழிந்தால் புதிதாக எழுதி ஒட்டுவார். எண், தேதி, கிடைத்த இடம், சேகரித்தவர். சேகரித்தவர் என்ற கட்டத்தில் எப்போதும் யாராவது ஒரு பேராசிரியரின் பெயர்தான் இருக்கும். அதையும் இவர்தான் குண்டு குண்டான எழுத்தில் எழுதுவார்.

ஓய்வு பெற்று வந்ததும் தெருவில் எல்லோரும் தன்னை 'சார்' என்று கூப்பிடும்படி பார்த்துக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் லேபிள். வீட்டில் சுவிட்சுப் பலகையிலிருந்து குப்பைக்கூடை வரைக்கும் எல்லாவற்றிலும் லேபிள் ஒட்டியிருந்தார். குப்பைக்கூடையில் 'குப்பை'. வாளியில் 'வாளி'. மனைவிக்கு மட்டும் ஒட்டவில்லை. ஒட்டுகிற வரைக்கும் அந்த அம்மாள் ஓரிடத்தில் நிற்கமாட்டார்.

லேபிளுக்கு யாரையும் பிடிக்காது என்று சொல்வது தவறு. ஒருவரைப் பிடிக்காமல் போவதற்குக்கூட அவரைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். இவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எதிர்வீட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் கோழை. பக்கத்து வீட்டில் பல்செட் செய்கிற பெண் ஒருத்தி தனியாக இருந்தாள். அவள் திமிர் பிடித்தவள். எழுதி ஒட்டியாகிவிட்டது, அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை.

அந்தப் பெண் ஒரு நாள் கொல்லைப்புறத்து சிமெண்டுத் தரையை உடைத்துத் தோண்ட ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு இவர் முக்காலியைப் போட்டு ஏறி, மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"என்னம்மா தோண்டுற?"

"குளம் சார்."

"குளமா?"

"சின்னது சார். ரெண்டு பேர் படுக்கற அளவுதான்."

"கொசு வரும்."

"மீன் விடப்போறேன் சார். கொசுப்புழுவையெல்லாம் அது தின்னுடும்."

லேபிள் முக்காலியிலிருந்து இறங்கினார். தண்ணீர், தவளை, மீன், பூச்சி எல்லாம் அவருடைய துறை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போதாக்குறைக்கு அவருக்கே மீனைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். முப்பத்திரண்டு வருடம் மீன்களோடு புழங்கியவர் அவர். அந்த மீன்களில் ஒன்றுகூட எதையும் தின்று அவர் பார்த்ததில்லை.

ஒரு மாதத்தில் குளம் தயாரானது. ரப்பர் விரிப்பு, ஓரத்தில் கல், நடுவில் இரண்டு அல்லி, தண்ணீருக்குள் சுண்டுவிரல் நகம் அளவில் முப்பது நாற்பது மீன்கள். மாலையில் வேலை முடிந்து வந்ததும் அவள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். புத்தகம் இல்லை, போன் இல்லை. லேபிள் மதிலுக்கு மேலிருந்து இதைப் பார்த்துவிட்டு மனைவியிடம் வந்து சொன்னார்.

"சும்மா உக்காந்து தண்ணியைப் பாக்கறா."

"நீங்க சும்மா நின்னு அவளைப் பாக்கறீங்க" என்றார் மனைவி.

அவர் சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்தார். மறுமுனையில் பேசிய பெண் குரலில் மரியாதை இருந்தது, அக்கறை இல்லை.

"புழுவைப் பாத்தீங்களா சார்?"

"பாக்கணுமா?"

"யாராவது பாத்தாத்தான் சார் நாங்க வருவோம். ரெண்டு வீட்டுக் கையெழுத்தோட மனு குடுங்க. நாங்க வந்து பாக்கும்போது ஒரே ஒரு புழு இருந்தாக்கூட ஏழு நாள்ல மண்ணு போட்டு மூடச் சொல்லிடுவோம்."

ஒரே ஒரு புழு. லேபிளுக்கு உடம்பில் புது ரத்தம் ஓடியது. ஒரு நீளக் குச்சியின் நுனியில் கரண்டியைக் கட்டினார். அடுத்த திங்கட்கிழமை, மூன்றாம் தேதி, அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு முக்காலியில் ஏறிக் குளத்திலிருந்து தண்ணீர் மொண்டார். மனைவி சேர்த்துவைத்திருந்த காலி ஜாம் பாட்டிலில் ஊற்றி, பூதக்கண்ணாடியால் பார்த்தார். ஒரு இலைத் துணுக்கு. வேறொன்றுமில்லை.

அவர் சளைக்கவில்லை. லேபிள் எழுதினார். சான்று எண் ஒன்று. தேதி. இடம்: பக்கத்து வீட்டுக் குளம். சேகரித்தவர் என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா ஒரு கணம் நின்றது. பிறகு முதன்முறையாக அங்கே தன் பெயரை எழுதினார். எழுதி முடித்துக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டிலை மூடவில்லை. கல்லூரியில் இருந்தவை செத்தவை, மூடலாம். இது உயிருள்ள சான்று, மூச்சு வேண்டும். திறந்த வாயோடு ஜன்னல் மேடையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில் இருப்பாள் என்பதால் அன்றைக்கு மட்டும் விடுப்பு. மற்றபடி தினம் ஒரு பாட்டில். ஜன்னல் மேடை நிறைந்து, ஃபிரிட்ஜின் மேல்பக்கம் நிறைந்து, துணி அலமாரியின் உச்சிக்குப் போனது வரிசை. ஜாம் பாட்டில் தீர்ந்து காபித்தூள் பாட்டில் வந்தது. பதினேழாவது பாட்டிலின்போது பசை தீர்ந்துவிட்டது. அதை மட்டும் செருப்பு ஒட்டுகிற பசையால் ஒட்டினார்.

அதற்கெல்லாம் முன்பே, எட்டாம் நாள் காலையில், முதல் பாட்டிலில் ஏதோ நெளிந்தது. நூல் துண்டு போல ஒன்று தலைகீழாகத் தொங்கி, உதறி, மேலே வந்து, மறுபடி இறங்கியது. பக்கத்திலேயே இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.

"இங்க வா, இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். மகள் பிறந்த அன்றைக்குக்கூட அவர் இப்படிக் கூப்பிட்டதில்லை.

மனைவி பாட்டிலைப் பார்த்தார். "சீ" என்றார்.

லேபிளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பாட்டிலுக்குள் இருப்பது, லேபிளில் எழுதிய இடத்திலிருந்து வந்தது. அவர் கல்லூரியில் இது ஒருநாளும் பொய்த்ததில்லை. அங்கே பாட்டில்கள் மூடியிருந்தன, உள்ளே இருந்தவை செத்திருந்தன என்பதையெல்லாம் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பறக்கிற ஒன்று ஜன்னல் வழியாக வந்து பாட்டிலில் முட்டையிட்டுப் போகலாம் என்பது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அதற்கு உயிரோடு இருக்கிற ஒன்றை ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் வீட்டுக்குள் கொசு பாட்டுக் கச்சேரியே நடத்தியது.

"ஏங்க, அந்தத் தண்ணியைக் கொட்டித் தொலைங்க. கால் முழுக்கத் தடிப்பு."

"கடிக்கறது குளத்துக் கொசு."

"ஜன்னலை மூடி ரெண்டு நாளாச்சு. இன்னும் கடிக்குது."

"மூடறதுக்கு முன்னாடியே வந்திருக்கும்."

"அப்ப இந்த பாட்டில்ல இருக்கறது?"

"அது சான்று."

கொசுக்கள் ஒரே வீட்டோடு திருப்தி அடைகிற ஜாதியில்லை. மூன்றாவது வாரம் எதிர்வீட்டுக்காரர் முழங்கையைச் சொறிந்துகொண்டே வந்து நின்றார். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக் கற்றுக்கொடுத்து வாழ்நாள் முழுக்க ஒரு காலை பிரேக்கின் மேலேயே வைத்திருந்தவர். எதிலும் முழு வேகம் கிடையாது.

"அண்ணே, கொசு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கற மாதிரி இருக்கு."

"இருக்கற மாதிரி என்ன, இருக்கு. இதுல கையெழுத்துப் போடு."

மனுவைப் படித்துவிட்டு அவர் இழுத்தார். "அவங்க நல்லவங்கண்ணே. என் மாமியாருக்குப் பல்செட் பண்ணிக் குடுத்ததே அவங்கதான்."

"அப்ப உன் மாமியார் கடிக்கறதுக்கும் அவதான் காரணம். போடு."

எதிர்வீட்டுக்காரர் போட்டார். அவர் போகும்போது லேபிள் அவர் முதுகைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். கையெழுத்து கேட்டதும் போட்டுவிடுகிற மனிதனை எப்படி மதிப்பது?

மனு போன செய்தி ஒரே நாளில் அவள் காதுக்கும் போயிற்று. மாலை வாசலுக்கு வந்து நின்றாள். விரல் இடுக்குகளில் இளஞ்சிவப்பு மெழுகு ஒட்டியிருந்தது.

"சார், புழு என் குளத்துலதான் இருக்குன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"இருபது பாட்டில் இருக்கு என்கிட்ட."

"நான் தினமும் பாக்கறேன் சார். ஒண்ணுகூட இல்ல."

"பாக்கத் தெரியணும்."

அவள் விரலில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டினாள். "காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மெழுகும் மாவுக்கட்டும் பல்லுமா இருக்கேன் சார். எதுவும் அசையாது. வீட்டுக்கு வந்தா அசையற ஒண்ணைப் பாக்கணும்னுதான் தோண்டினேன். மூடச் சொன்னா அந்த மீனை எங்க கொண்டுபோவேன்?"

"டிவி பாரு. அதுவும் அசையும்" என்று சொல்லிவிட்டு லேபிள் கதவைச் சாத்தினார். அன்று இரவு நன்றாகத் தூங்கியிருப்பார், கொசுக்கள் விட்டிருந்தால்.

இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை காலை சுகாதார ஆய்வாளர் வந்தார். ரப்பர் பூட்ஸ் போட்ட, முப்பது வயது மதிக்கத்தக்க பெண். கையில் ஒரு டார்ச், நீளக் கைப்பிடி வைத்த வெள்ளைக் கரண்டி.

"பெரியவங்க யாரும் வரலையா?" என்றார் லேபிள்.

"நான்தான் சார் பெரியவ. குளம் எங்க?"

குளத்தைச் சுற்றி நால்வரும் நின்றார்கள். எதிர்வீட்டுக்காரர் ஒரு அடி தள்ளி நின்றார். ஆய்வாளர் குனிந்து மொண்டார். வெள்ளைக் கரண்டியில் தெளிந்த தண்ணீர். டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு ஊற்றினார். அல்லி இலைக்கு அடியில், கல் இடுக்கில், ஓரத்துப் பாசியில் என்று பத்து இடத்தில் மொண்டார். எட்டாவது கரண்டியில் ஒரு மீன் வந்தது. அதைத் திருப்பி விட்டார்.

"இங்க ஒண்ணும் இல்ல சார்."

"இன்னிக்கு இல்ல" என்றார் லேபிள். இந்தக் கணத்துக்காகத்தான் அவர் காத்திருந்தார். வீட்டுக்குள் போய், மனைவியின் பெரிய தட்டில் பாட்டில்களை அடுக்கி, மூன்று நடையாகக் கொண்டுவந்து மதில் மேல் வரிசையாக வைத்தார். இருபத்துமூன்று. லேபிள்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. பேராசிரியர்கள் கண்காட்சிக்கு வைக்கச் சொல்லும்போது இப்படித்தான் வைப்பார்.

ஆய்வாளர் முதல் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். லேபிளைப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"இது மூணாம் தேதி எடுத்ததா?"

"நேரம்கூடப் போட்டிருக்கேன் பாருங்க."

"எங்க வெச்சிருந்தீங்க?"

"என் வீட்லதான். பத்திரமா."

"மூடாமலா?"

"மூடினா செத்துடுமே."

ஆய்வாளர் பாட்டிலைக் கீழே வைத்தார். "சார், கொசுப்புழு பத்து நாள்ல கொசுவாப் பறந்துடும். மூணாம் தேதி குளத்துல புழு இருந்திருந்தா அது எப்பவோ போயிருக்கும். இப்ப இதுல நெளியறது போன வாரம் உங்க வீட்ல போட்ட முட்டை. இங்க மீன் தின்னுது. உங்க பாட்டில்ல மீன் இல்ல."

"அப்ப முன்னாடி இதுல இருந்ததெல்லாம்?"

"பறந்து போயிருக்கும்."

"எங்க போச்சு, என் கால்லதான் இருக்கு" என்றார் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவி.

எதிர்வீட்டுக்காரர் முழங்கையைச் சொறிவதை நிறுத்தினார். "அண்ணே, அப்ப என் வீட்டுக்கு வந்ததும் உங்க சான்றுதானா?" வாழ்க்கையில் முதன்முறையாக அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்திருந்தார்.

லேபிளின் முகத்தில் ஈயாடவில்லை. கொசு மட்டும் ஒன்று காதோரம் ஆடியது.

"இதையெல்லாம் கொட்டணும்" என்றார் ஆய்வாளர். "சாக்கடைல கொட்டாதீங்க."

"இங்கயே ஊத்துங்க" என்றாள் குளத்துக்காரி.

ஆய்வாளர் முதல் பாட்டிலைக் கவிழ்த்தார். நாற்பது மீன்களும் ஒரே திசைக்குத் திரும்பின. தண்ணீர் ஒரு கணம் கொதிப்பது போல இருந்தது. அடங்கியபோது அங்கே ஒன்றுமில்லை. இரண்டாவது பாட்டில், மூன்றாவது பாட்டில். இருபத்துமூன்று பாட்டில்களும் காலியாகப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மீன் எதையாவது தின்று லேபிள் பார்த்தது அன்றுதான்.

"சார்" என்றாள் அவள், கடைசிப் பாட்டில் கவிழ்ந்ததும். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "மாசத்துக்கு ரெண்டு பாட்டில் இப்படியே வளர்த்துக் குடுங்க. எனக்கு மீன் தீவனம் மிச்சம்."

புழு எந்த வீட்டில் கிடைக்கிறதோ அந்த வீட்டுக்கு எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்பது விதி. ஆய்வாளர் அச்சடித்த தாளை நிரப்பி லேபிளின் வாசல் கதவில் ஒட்டினார். எண், தேதி, கிடைத்த இடம், கண்டறிந்தவர். கண்டறிந்தவர் என்ற கட்டத்தில் ஆய்வாளரின் பெயர் இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று படித்தார்கள். லேபிள் ஒருநாள் முழுக்க வெளியே வரவில்லை. எழுத்து கோணலாக இருக்கிறது என்று மட்டும் மனைவியிடம் சொன்னார்.

மறுநாள் பாட்டில்களைக் கழுவினார். அதை நன்றாகச் செய்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெந்நீரில் ஊறவைத்து லேபிள்களை உரித்து, உள்ளே துணி விட்டுத் துடைத்து, வெயிலில் கவிழ்த்துவைத்தார். செருப்புப் பசையில் ஒட்டியது மட்டும் உரியவில்லை. கத்தியால் சுரண்டிப் பார்த்தார், மண்ணெண்ணெய் தடவிப் பார்த்தார். 'சேகரித்தவர்' அப்படியே இருந்தது.

"இதைத் தூக்கிப் போட்டுடு" என்றார்.

"நல்ல பாட்டில். மூடி சரியா இருக்கு" என்று மனைவி அதில் சர்க்கரையை நிரப்பினார்.

இப்போதும் லேபிள் காலையில் டீ போட்டுக்கொள்ளும்போது சான்று எண் பதினேழைத் திறந்துதான் ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை எடுக்கிறார். எழுத்து தெரியாதபடி சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைக்கிறார். மனைவி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதை முன்பக்கமாகத் திருப்பி வைக்கிறார்.