இரண்டு முறை வந்த ஆமென்

எங்கள் பங்குக் கோவிலின் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவன் நான்; மற்ற நேரத்தில் திண்டுக்கல் கடைத்தெருவில் பூட்டு விற்பவன். கிட்டாரின் சத்தத்தை லேப்டாப் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்புவது என் வழக்கம். அப்படிப் போனால் எதிரொலி சேர்ந்து, மலைக்கோட்டை மேல் நின்று வாசிப்பது போலக் கேட்கும். நேராகப் போனால் பூட்டுக்கடைக்குள் வாசிப்பது போலத்தான் கேட்கும்.

திருவிழாவுக்கான கடைசி ஒத்திகையில் அந்த லேப்டாப் என்னைக் கவிழ்த்தது. கம்பியைத் தட்டினால் சத்தம் ஸ்பீக்கரில் பிந்தி வந்தது. குற்றவாளி நான்தான். லேப்டாப் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அனுப்பும். சேர்க்கும் அளவுக்கு பஃபர் என்று பெயர். ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். பாட்டு நடுவே சத்தம் வெட்டிவிடுமோ என்ற நடுக்கத்தில், இருப்பதிலேயே பெரிய பஃபரை வைத்திருந்தேன். அது ஆட்டோ இல்லை, கல்யாண பஸ்.

என்னருகே நின்றவர்கள் கம்பியின் சத்தத்தோடு பாடினார்கள். தள்ளி நின்றவர்கள் ஸ்பீக்கரோடு பாடினார்கள். ஆமென் இரண்டு முறை வந்தது.

குழுவை நடத்தும் டீச்சர் கையை இறக்கினார். "சார், ஒரு ஆமென் போதும். ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்கும்."

கீபோர்டு வாசிப்பவர் என் கூடப் படித்தவர். சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார். "கிட்டார், வயலின் அம்புட்டும் இதுல இருக்கு டீச்சர். மாப்ளைக்குச் செத்த ரெஸ்ட் குடுப்போம்."

"அடுத்த பாட்டுலயும் இப்படின்னா, திருவிழாவுக்குப் பென் டிரைவ்தான்" என்றார் டீச்சர்.

எனக்கு வேர்த்துக் கொட்டியது. பஃபரை ஒரேயடியாகச் சின்னதாக்கினேன். லேப்டாப் ஈடுகொடுக்க முடியாமல் படபடவென்று வெடித்தது.

"அப்பளமா பொரிக்கிற மாப்ள?"

வைஃபையை அணைத்தேன். மின்விசிறியையும் அணைத்தேன். அது எதற்கென்று இன்றுவரை எனக்கே தெரியாது.

ஆனாலும் விட மனமில்லை. கடைசி அடியை டீச்சர் எப்போதும் மூச்சு உள்ளவரை நீட்டுவார். பென் டிரைவ் அவருக்காக நிற்குமா? நான் நிற்பேன். வேர்க்கிறவன்தான் நிற்பான்.

அப்போதுதான் மண்டையில் ஏறியது. பிந்தக் கூடாதது கிட்டார். எதிரொலி பிந்தினால் யார் கேட்கப் போகிறார்கள்? அது பிந்தி வருவதற்கே பிறந்தது. கிட்டாருக்கும் லேப்டாப்புக்கும் நடுவிலிருக்கும் சின்னப் பெட்டியில், வாங்கிய நாளிலிருந்து நான் தொடப் பயந்த ஒரு குமிழ் உண்டு. அதைத் திருப்பினேன். கிட்டார் நேராக ஸ்பீக்கருக்குப் போனது. லேப்டாப்புக்கு எதிரொலி வேலை மட்டும். பஃபரையும் நடுவாந்தரமாக வைத்தேன்.

அடுத்த பாட்டின் கடைசி அடியை டீச்சர் நீட்டினார். நின்றேன். ஒரே ஒரு ஆமென் வந்தது.

கீபோர்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "லேப்டாப்ப நிப்பாட்டிட்டியா?"

"இல்லப்பு. மலைக்கு அனுப்பிருக்கேன். மெதுவா வரட்டும்."

பென் டிரைவ் சட்டைப்பைக்குத் திரும்பியது. டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "திருவிழாவுக்கு நீங்களே வாசிங்க சார். இப்ப அந்த ஃபேனப் போடுங்க."