மூணு கட்டை இறக்கம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு வடிகட்டின மடையன்.

'இதென்ன புதுச் செய்தியா?' என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியாததா! ஆனால், இத்தனை நாள் அது எனக்கு வெறும் சந்தேகமாகத்தான் இருந்தது. போன சனிக்கிழமை, கேமரன் மலையில், ஒரு தேயிலை லோரியின் கதவுப் பிடியில் கை வைத்தேன் பாருங்கள்... ஊர்ஜிதமாகிவிட்டது.

இந்தப் பக்கத்தில் நான் எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன்? "தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். மூணு கட்டை மலைப்பாதையில் தினமும் சைக்கிளில் ஏறி இறங்கிய கால்கள் இவை!" மூணு கட்டை என்றால் மூன்று மைல், தோட்டத்துக் கணக்கு. குறைந்தது பத்துத் தடவையாவது எழுதியிருப்பேன். அதில் பாதி பொய். எந்தப் பாதி என்று எழுதியவனுக்கே தெரியாமல் இருந்ததுதான் வேடிக்கை.

மாரி போன் செய்ததில் ஆரம்பித்தது.

மாரியும் நானும் ஒரே தோட்டத்தில் ஒரே வருஷம் பிறந்தவர்கள். என் அப்பா ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. அவன் அம்மா கொழுந்து பறித்தவர். நான் பதினேழு வயதில் கிள்ளானுக்கு இறங்கிவிட்டேன். அவன் அங்கேயே தேயிலை பேக்டரியில் வேலை பார்த்து, ஓய்வும் பெற்று, அதே தொழிலாளர் லயத்து வீட்டில் தனியாக இருந்தான். இன்றைக்கும் அவனுக்கு நான் 'சின்னக் கிராணி'தான்.

"சின்னக் கிராணி, திங்கக்கெழம வீட்ட ஒப்படைக்கணும்லா. முட்டி ஒத்துழைக்கல. மவ ஜொகூருக்கு வரச் சொல்லிட்டா. பதினாலாவது மாடியாம்... சைக்கிள எங்க வைக்கிறது?"

"எந்த சைக்கிள்? நம்ம சைக்கிளா? இன்னுமா இருக்கு?"

"இருக்காம எங்க போவும்?"

'நம்ம சைக்கிள்' என்றேனே தவிர, அது மாரியின் அப்பா பழசாக வாங்கியது. கறுப்பு. எருமை கனம். ஆனால் கைப்பிடியில் நான், பின்னால் கேரியரில் அவன். மலைக்குக் கீழே இருந்த பள்ளிக்கூடத்துக்கு அப்படித்தான் போவோம்.

"யாருக்குடா குடுக்கப் போற?"

"பழைய இரும்புக்காரன் கேட்டான். பிரிஞ்சாங்ல ஹோம்ஸ்டே வச்சிருக்கவன் ஒருத்தன் கேட்டான். பூத்தொட்டி கட்டி வாசல்ல நிப்பாட்டுவானாம். டூரிஸ்ட்டு போட்டோ புடிப்பாங்களாம். முடியாதுன்னுட்டேன்."

"அப்ப எனக்குக் குடு!"

"பாக்கலாம். தள்ளத் தெரிஞ்சவனுக்குத்தான் குடுப்பேன்."

"ஓட்டத் தெரிஞ்சவன்னு சொல்லு."

"நான் சொன்னத சொன்னேன்." வைத்துவிட்டான்.

இங்கே ஒரு உபதகவல். டாக்டர் மிரட்டியதில் சென்ற ஆண்டு நானும் ஒரு சைக்கிள் வாங்கியிருக்கிறேன். இறகு கனம்தான் இருக்கும். அதற்கென்று மஞ்சள் சட்டை, உட்காருகிற இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த காற்சட்டை, எறும்புத் தலை மாதிரி ஒரு ஹெல்மெட். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். மனைவி தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"மலைக்குப் போறீங்களா, சர்க்கஸுக்கா?"

காரில் கம்போங் ராஜா வழியாக ஏறினேன். கியா பார்ம் சந்தையை நெருங்கும்போதே நெரிசல். ஸ்ட்ராபெரி வாங்க ஒரு வரிசை, ஸ்ட்ராபெரி வடிவத் தலையணை வாங்க இன்னொரு வரிசை. காரில் கட்டியிருந்த என் இறகு சைக்கிளை நடந்துபோகிறவர்கள் முந்தினார்கள். இந்த மலையில் நிம்மதியாக சைக்கிள் ஓட்ட இடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அங்கே நிற்கிற ஒருவரும் நம்பமாட்டார்.

ஆனால் இருக்கிறது. கடைகளைத் தாண்டி, எங்கள் தோட்டத்து முச்சந்தியில் திரும்பினால் போதும். யாரோ ரேடியோவை அணைத்த மாதிரி அமைதி. ஒரு லோரிக்கும் ஒரு சைக்கிளுக்கும் மட்டும் இடமுள்ள தார்ச் சாலை, ஓரங்களில் பாசி, இரண்டு பக்கமும் மார்பளவு தேயிலை. வாசனை மட்டும் மாறவே இல்லை... பேக்டரியில் இலை வாடுகிற அந்தப் பச்சை வாசனை.

மாரி வாசலில் நின்றான். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். என் காற்சட்டையைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தான்.

"பெம்பர்ஸா?"

"டேய்! இது சைக்கிள் ஓட்டறதுக்குன்னே தைச்சது."

"ஓ..." இறகு சைக்கிளை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தான். "இது சைக்கிளா, சைக்கிளோட எக்ஸ்ரேயா?"

அதை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து நம்மாளை வெளியே கொண்டுவந்தான். கம்பியைச் சுற்றி அவன் அப்பா பின்னிய சிவப்பு நைலான் கயிறு அப்படியே இருந்தது. சீட்டுக்கு மட்டும் தேயிலைச் சாக்கில் புது உறை. எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தான். பெண்ணை அனுப்பிவைக்கிறவன் மாதிரி ஒரு தடவை கைப்பிடியைத் தடவிக்கொடுத்தான்.

"கீழ வரைக்கும் போலாமா? கடசியா ஒரு தடவ."

முட்டி மடங்காததால் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்தான். நான் கைப்பிடியில். பெடலை மிதிக்கவே வேண்டாம். சாலையே எங்களை எடுத்துக்கொண்டது.

முதலில் நாய் வளைவு. துரை பங்களா நாய் அங்கேதான் துரத்தும். இப்போது பங்களாவும் பூட்டிக் கிடக்கிறது, நாயும் இல்லை. ஆனாலும் என் இரண்டு காலும் தாமாகவே மேலே தூக்கிக்கொண்டன! பின்னால் மாரி சிரிப்பது முதுகில் அதிர்ந்தது. அடுத்து குளிர் வளைவு. ஓடை சாலையை ஒட்டி வரும் இடம். சொல்லிவைத்த மாதிரி முகத்தில் சில்லென்று அறைந்தது. கடைசியாகப் பொய் வளைவு. பள்ளிக்கு ஏன் தாமதம் என்று அன்றைய பொய்யை அங்கே வைத்துத்தான் இருவரும் பேசி முடிப்போம்.

ஒரு கார் வரவில்லை. சக்கரம் சுற்றுகிற சத்தம், மாரியின் செருப்பு டயரில் உரசுகிற சத்தம். ஆமாம், அந்தக் காலத்தில் எங்களுக்கு பிரேக் என்பது மாரியின் ஜப்பான் ரப்பர் செருப்புதான். இப்போது சைக்கிளில் நல்ல பிரேக் இருக்கிறது. அவன் காலுக்குத்தான் அது தெரியவில்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

கீழே கொழுந்து நிறுக்கிற கொட்டகை. மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பேக்டரிக்குப் புறப்படத் தயாராக ஒரு லோரி. டிரைவர் ரபீக், வங்காளதேசத்துப் பையன், தோட்டத் தமிழில் வெளுத்துக் கட்டுகிறான். "அங்கிள், மேல போறதுதானே? வாங்க, போலாம்!"

என்ஜின் உறுமியது. என் கால்கள் நடக்க ஆரம்பித்துவிட்டன. நான் சொல்லவே இல்லை. நேராக முன்பக்கக் கதவு. ஒரு கால் படியில், கை கதவுப் பிடியில். பத்து வயதில் செய்த அதே அசைவு.

எதேச்சையாகத் திரும்பினேன்.

அந்தப் பக்கம் மாரி. அவனையும் யாரும் ஏவவில்லை. சைக்கிளைத் திருப்பி, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, நல்ல காலை முன்னே வைத்து, ஏற்றத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

ஐம்பது வருஷமாக நான் கேட்டே பார்க்காத ஒரு கேள்வி அப்போதுதான் வந்தது. மத்தியானம் கீழே இருந்த சைக்கிள் மறுநாள் காலையில் மேலே எப்படி நின்றது?

அந்தக் கால லோரி டிரைவர் அந்தோணியண்ணன் குரல் காதில் விழுந்தது. "கிராணி ஐயா மவனா? முன்னுக்கு ஏறுங்க தம்பி." நான் ஏறிவிடுவேன். அதற்கப்புறம் இன்னொன்றும் சொல்வார். அது எனக்குச் சொன்னதில்லை என்பதால் நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. "சைக்கிள மேல போட்டா கொழுந்து நசுங்கும்லா. நீ தள்ளிக்கிட்டு வா."

மூணு கட்டை. எருமை கனம். நான் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, தூங்கி எழுந்து விளையாடப் போனால் மாரி அப்போதுதான் வருவான். அவனை நான் 'சோம்பேறி' என்று கூப்பிட்டிருக்கிறேன்.

இறக்கத்தில் பிரேக் அவன். ஏற்றத்தில் என்ஜின் அவன். நான்? ஹாரன்.

பழைய நினைவெல்லாம் ஏன் இவ்வளவு சுகமாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? எனக்கு விடை கிடைத்துவிட்டது. நமக்கு ஞாபகம் இருப்பது இறக்கம் மட்டும்தான். ஏற்றம் இன்னொருவரின் ஞாபகத்தில் இருக்கிறது.

கதவுப் பிடியை விட்டேன். நேராகப் போய் மாரியின் கையிலிருந்து சைக்கிளை வாங்கினேன்.

"நீ ஏறு."

"என்னா?"

"முன்னுக்கு ஏறுடா."

என்னைப் பார்த்தான். சாலையைப் பார்த்தான். என் காற்சட்டையை மறுபடி பார்த்தான். லோரிப் படியில் கால் வைக்கத் தெரியாமல் தடுமாறினான். ரபீக் கைகொடுத்து ஏற்றினான்.

லோரி போய்விடும், தனியாக மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். போகவில்லை. மாரி ஏதோ சொல்ல, ரபீக் முதல் கியரிலேயே எனக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்தான். மாரி ஜன்னலில் முழங்கையை ஊன்றி, துரை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

பொய் வளைவுக்கே நாக்கு தள்ளிவிட்டது. குளிர் வளைவில் வியர்வை ஊற்றியது. பஞ்சு வைத்த காற்சட்டை தள்ளுகிறவனுக்கு ஒரு உபயோகமும் இல்லை என்பதையும் அங்கேதான் கண்டுபிடித்தேன். கைப்பிடியில் சாய்ந்து நின்றேன். லோரியும் நின்றது.

"டேய் மாரி..." மூச்சு விட்டு விட்டு வந்தது. "தெனமும் இப்படித்தானா? ஒரு நாளாவது... என்கிட்ட... சொல்லியிருக்கலாமேடா?"

ஜன்னலிலிருந்து பதில் வந்தது.

"பேசாம தள்ளு."