அம்மா பிரித்த வண்டி

அம்மா திருப்புளியைக் கையில் எடுத்தால் அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொள்வார். எப்படியும் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவர வேண்டியிருக்கும் என்பது அவருடைய அனுபவம். சுவர்க்கடிகாரம், இரண்டு ரேடியோ, ஒரு மிக்ஸி எல்லாம் அப்படித்தான் போயின. அவற்றில் ஒன்றுகூடக் கெட்டுப்போயிருக்கவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தெரிந்துகொண்டதும் முகம் மலர்ந்துவிடும். திரும்ப மூடும்போதுதான் நாலு திருகாணி மிஞ்சும்.

மாடியில் குடியிருக்கும் தையல்காரர், அம்மா படியேறி வரும் சத்தம் கேட்டால் தையல் மெஷினுக்கு மூடி போட்டுப் பூட்டுவார். அதை அவர் விளையாட்டுக்குச் செய்யவில்லை.

அம்மாவுக்கு நாற்பத்து நான்கு வயது. ஒரு பெரிய தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் பதினாறு வருடம் வேலை பார்த்தாள். தினமும் நானூறு படுக்கை விரிப்பு. அங்கிருந்த இஸ்திரி உருளை தன் சூட்டைத் தானே எப்படித் தெரிந்துகொள்கிறது என்று கேட்டுக் கேட்டு, மெக்கானிக் இவளைக் கண்டால் வேறு வாசல் வழியாகப் போகும்படி செய்துவிட்டாளாம். போன வருடம் விடுதிக்காரர்கள் சலவையை வெளியே கொடுத்துவிட்டுக் கூடத்தை மூடினார்கள். அவர்கள் கழித்துப்போட்ட இரண்டு துவைக்கும் இயந்திரங்கள் எங்கள் கொல்லைக்கு வந்து சேர்ந்தன. அம்மா சின்ன விடுதிகளாகப் பார்த்து ஏறி இறங்கினாள். இரண்டு இடத்தில் துணி தருகிறோம் என்றார்கள். ஆனால் சொந்த வண்டி வேண்டும், சாயங்காலம் வந்து எடுத்துப் போய் மறுநாள் கொண்டுவந்து தர வேண்டும் என்றார்கள்.

அப்படித்தான் அந்தப் பிக்கப் வந்தது. காயலான் கடையில் அதைக் கண்டுபிடித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. லேத் பட்டறையில் வேலை செய்கிறார். எதையும் ஓடி ஓடிச் செய்வதால் வீட்டில் அவருக்கு 'அவசரம்' என்று பெயர். வண்டிக்கு என்னைப் போல இரண்டு மடங்கு வயது. எது பெயின்ட், எது துரு என்று பிரித்துச் சொல்ல முடியாது. நான்கு பேராகத் தள்ளி வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குள் கொண்டுவந்தோம். சந்து வாசலுக்கு மேலே ஒரு கான்கிரீட் உத்தரம் ஓடுகிறது. தையல்காரரின் அறை அதன்மேல்தான் நிற்கிறது. வண்டிக் கூரைக்கும் உத்தரத்துக்கும் நடுவே மூன்று விரல் இடம் இருந்தது. அப்பா எக்கி விரலை வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

வண்டிக்குக் கெடு ஒன்பது மாதம். அதற்குள் வாகன அலுவலகத்தில் காட்டித் தேறாவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். அதற்குப் பிறகு அது வண்டி இல்லை, வெறும் இரும்பு. திரும்பக் காயலான் கடைக்குத்தான் போக வேண்டும், விடுதிக்காரர்களும் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். அம்மா முதல் போல்ட்டில் கை வைத்தபோது அப்பா சொன்னார்.

"நீ பிரிச்சது எதுவும் திரும்பச் சேந்ததா சரித்திரமே இல்ல. இது கடிகாரம் இல்ல, பாத்துக்க."

அம்மா சண்டைக்குப் போகவில்லை. "அதாங்க எனக்கும் பயமா இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு போல்ட்டைக் கழற்றினாள்.

விடுதியில் கழித்த தலையணை உறைகள் ஒரு மூட்டை வீட்டில் கிடந்தது. ஒவ்வொன்றிலும் அறை எண் தைத்திருக்கும். கழற்றிய பாகங்களை அம்மா அந்த உறைகளில் போட்டு வாயைக் கட்டினாள். எந்த எண்ணில் எது என்று எழுதிவைப்பது என் பொறுப்பு. பள்ளி முடிந்து, அடுத்தது என்ன என்று தெரியாமல் கால் தரையில் நிற்காமல் இருந்தேன். அந்த நோட்டு என்னை உட்கார வைத்தது. கார்புரேட்டர் 107. பிரேக் சிலிண்டர் 214. இடது கதவின் உள்பாகங்கள் 312. வெளியாள் யாராவது எங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக விடுதி நடத்துகிறோம் என்றே நினைத்திருப்பார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கும். அப்பா சாப்பிட வந்தால் அவர் நாற்காலியில் இருநூற்று எட்டு உட்கார்ந்திருக்கும்.

சக்கரம் கழற்றிய நாளை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வலது பக்கச் சக்கரங்கள் சுலபமாக வந்துவிட்டன. இடது பக்கம் அசையவில்லை. மாமா ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயை மாட்டி, அதன்மேல் ஏறி நின்று குதித்தார். ஒரு மணி நேரம் போயிற்று. சட்டை நனைந்ததுதான் மிச்சம். துரு உள்ளே இறுகிவிட்டது, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அம்மா மண்ணெண்ணெய்த் துணியால் நட்டைத் துடைத்தாள். தேய்ந்துபோன ஓர் எழுத்து தெரிந்தது. ஆங்கில எல். வலது பக்கம் போய்ப் பார்த்தாள், அங்கே அந்த எழுத்து இல்லை. வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தாள்.

"மாத்தித் திருப்பிப் பாருடா."

"அக்கா, அது இறுக்குற பக்கம்."

"திருப்பேன்."

நட்டு ஒரு கீச்சலோடு இளகியது. மாமா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை நேரமும் தான் அதை இறுக்கிக்கொண்டா இருந்தோம் என்று தன் கைகளையே பார்த்தார். அப்பா அவர் தோளில் தட்டினார். "பரவால்ல மாப்ள. நீ இறுக்கினா ஜென்மத்துக்கும் கழலாது."

மற்றவர்களுக்கு விஷயம் அதோடு முடிந்தது. அம்மாவுக்கு அங்கேதான் தொடங்கியது. ஒரு பக்கம் மட்டும் ஏன் மரை தலைகீழாக இருக்க வேண்டும்? இரண்டு நாள் வேலை ஓடவில்லை. முச்சந்தியில் நின்ற ஒரு லாரி டிரைவரைப் பிடித்துக் கேட்டுவிட்டாள். இடது சக்கரம் சுற்றுகிற போக்கு சாதாரண மரையை மெல்ல மெல்ல இளக்கிவிடும், அதற்காகத்தான் மாற்றி வெட்டியிருக்கிறார்கள் என்றார் அவர். அப்படியென்றால் புது வண்டிகளில் ஏன் அப்படி இல்லை என்று அம்மா அடுத்த கேள்வியைப் போட்டாள். டிரைவர் கியரைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தளர்ந்து தட்டையாகிப்போயிருந்த கமான் பட்டைகளை, சக்கரங்களுக்கு மேலே வண்டியைத் தாங்கும் வில் போன்ற இரும்புப் பட்டைகளை, பட்டறையில் கொடுத்து வளைத்து வாங்கினோம். டயர் புதிது. தையல்காரர் வேண்டா வெறுப்பாகச் சீட்டுக்கு உறை தைத்துக் கொடுத்தார். மெஷினை அம்மா தொடக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. எட்டரை மாதத்தில் என்ஜின் இருமி, தும்மி, பிறகு நிதானமாக ஓடத் தொடங்கியது. அம்மா சிரிக்கக்கூட இல்லை. உள்ளே போய்த் தலையணை உறைகளை எண்ணினாள். அறுபத்தொன்றும் காலி. அப்பா நம்பாமல் ஒவ்வொன்றையும் உதறிப் பார்த்தார். ஒரு திருகாணிகூட விழவில்லை.

கெடுவின் கடைசி நாள் காலை பதினொன்றுக்கு ஆய்வு. விடுதி வண்டி ஓட்டிப் பழகியவள் என்பதால் அம்மாவே ஓட்டினாள். எட்டரைக்கு வண்டி நகர்ந்தது. சந்து வாசலில் டங் என்று ஒரு சத்தம். வண்டியின் கூரை, உத்தரத்தில் இடித்து நின்றது.

எல்லாரும் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தோம். நாங்கள்தான் தள்ளி உள்ளே கொண்டுவந்தோம். விரல் வைத்துப் பார்த்தோம். ஒன்பது மாதமாக அந்த உத்தரத்துக்குக் கீழேதான் நடமாடினோம். ஆனால் அன்றைக்கு வண்டியின் கமான் செத்துக் கிடந்தது, டயரில் காற்று இல்லை. இப்போது எல்லாம் புதுசு. வண்டி நிமிர்ந்து நின்றுவிட்டது. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

மாமா டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டார். அப்படியும் வண்டியின் கூரை, உத்தரத்தைவிட இரண்டு விரல் உயரமாக இருந்தது. இன்னும் இறக்கினால் டயர் கெட்டுவிடும். உளியால் உத்தரத்தின் அடியைக் கொஞ்சம் கொத்தலாமா என்று அவர் கேட்டது மாடிக்குக் கேட்டுவிட்டது. தையல்காரர் கழுத்தில் இஞ்ச் டேப்போடு இறங்கி வந்தார்.

"அதுல கை வச்சீங்கன்னா நான் மெஷினோட உங்க வண்டிக்குள்ளதான் வந்து விழுவேன்."

அப்பா மணியைப் பார்த்தார். ஒன்பது. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சரித்திரத்தைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா தரையில் உட்கார்ந்து சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். இல்லை. கமானின் வளைவை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். கடிகாரத்தைத் திறக்கும்போது இருக்கும் அதே முகம்.

"இது எதுக்குடி இருக்கு?" என்று கேட்டாள்.

"பாரம் தாங்க."

"பாரம் எங்க?"

எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "எல்லாரும் வண்டில ஏறுங்க. அண்ணே, நீங்களும்தான்."

தையல்காரர் ஏறினார். அவரிடம் வேலை செய்யும் இருவரும், எதிர்வீட்டு டியூஷன் டீச்சரும் அவர் கணவரும் வந்தார்கள். எத்தனை கிலோ சேர வேண்டும் என்று கணக்குப் போட அம்மா ஒவ்வொருவரிடமும் எடை கேட்டாள். ஒருவர்கூட உண்மையைச் சொல்லவில்லை. கமான் மட்டும் சொன்னது. டீச்சர் ஏறியபோது வண்டி மரியாதையாகத் தாழ்ந்தது. அவர் என்னைப் பார்த்து, நீயும் ஏறுவதுதானே என்றார். நான் தையல்காரரின் இஞ்ச் டேப்போடு உத்தரத்துக்குக் கீழே நின்றேன். இடைவெளி பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. மாமா முன்பக்க பம்பரில் ஏறி நின்று இடுப்பை வளைத்துக்கொண்டார். இன்னும் ஒரு நூல் போதும் என்றேன். அப்பா கடைசியாக ஏறி, மற்றவர்களின் கால்மாட்டில் மூட்டையைப் போலப் படுத்துக்கொண்டார்.

அம்மா கிளட்சை விட்டும் விடாமலும் நகர்த்தினாள். வண்டியில் இருந்த எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்திருந்தார்கள், அதனால் எடை குறையுமா கூடுமா என்று யாரும் யோசிக்கவில்லை. கூரைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும். நடுவில் ஒரு கீறல் சத்தம். பிறகு வெயில் கூரையில் விழுந்தது. வெளியே வந்ததும் தையல்காரர் முதல் ஆளாகக் கைதட்டினார், பிறகு வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்.

காற்றடித்துக்கொண்டு பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆய்வாளர் கண்டிப்பான மனிதர். விளக்கு, ஹாரன், பிரேக் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வண்டிக்கு அடியில் படுத்தே எழுந்தார். கூரையில் இருந்த புதுக் கீறலைக் காட்டி என்ன என்றார். அம்மா நடந்ததை அப்படியே சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. எந்த மெக்கானிக் செய்தது என்று கேட்டார்.

"நாங்கதான் சார். வீட்லயே."

அவர் பேனாவை எடுத்தபோது அம்மா கேட்டாள்: "பிரேக்க ஏன் சார் ரெண்டு தடவ மிதிச்சுப் பாத்தீங்க?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஆய்வாளர் பேனாவைப் பையில் சொருகிவிட்டு, முதல் மிதியில் கால் எவ்வளவு இறங்குகிறது, இரண்டாவதில் எவ்வளவு என்று ஒப்பிட்டால் குழாயில் காற்று இருப்பது தெரிந்துவிடும் என்று கால் மணி நேரம் விளக்கினார். அவரை யாரும் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. பிறகு ஓராண்டுக்குக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்து தெருமுனையில் நின்றபோதுதான் அப்பாவுக்கு உறைத்தது. "உள்ள எப்படிப் போறது?"

அன்றிலிருந்து தினமும் அதே கூத்துதான். சாயங்காலம் இரண்டு விடுதிகளிலும் துணி ஏற்றிக்கொண்டு அம்மா வருவாள். மூட்டைகள் போதாது. அப்பா ஏறுவார், தையல்காரர் ஏறுவார், டீச்சர் வீட்டில் இருந்தால் அவரும். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள், இடைவெளி பார்க்க இனி ஆள் தேவையில்லை என்று. விடுதிகளில் எத்தனை அறை நிறைந்திருக்கிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும், நாங்கள் எத்தனை பேர் ஏறுகிறோம் என்று பார்த்தால் போதும்.

ஆறாவது வாரம் மூன்றாவது விடுதி ஒன்று சேர்ந்தது. அம்மா நாற்பது நிமிடம் தாமதமாக வந்தாள். நாங்கள் சந்து வாசலில் தயாராக நின்றோம். மூட்டைகள் பக்கப் பலகைக்கு மேலே முட்டிக்கொண்டிருந்தன. அம்மா வண்டியை நிறுத்தாமல் தலையை வெளியே நீட்டினாள்.

"தள்ளுங்க, தள்ளுங்க. இன்னைக்கு ஆள் வேண்டாம்."

வண்டி உத்தரத்துக்குக் கீழே ஒரு விரல் விட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. அப்பா ஏறுவதற்காகக் கழற்றி வைத்திருந்த செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு, மூட்டைகளை இறக்க வண்டிக்குப் பின்னாலேயே போனார்.