நன்றாக ஓடியதற்கான தண்டனை

முன்னேறியவனை ஏன் வெளியே அனுப்புகிறார்கள்?

நேற்று இங்கே கனடாவில், ஸ்காபரோ கடையொன்றில் ரோல்ஸ் வாங்க நின்றபோது பக்கத்து வீட்டு ராணி அன்ரி இதைத்தான் கேட்டார். என் அக்காவின் மகன் ஆரூரன் இங்கிலாந்தில் ஸ்பீட்வே ஓடுகிறான். பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிளில் மண் தடத்தைச் சுற்றும் பந்தயம் அது. கீழ்ப்பிரிவில் ஒரு சிறிய கிளப். அவன் வென்றுகொடுத்த பிறகுதான் அந்தக் கிளப் கடைசி இடத்திலிருந்து மேலே வந்தது. அடுத்த பருவத்துக்கு அவன் வேண்டாமாம்.

"பெடியன் ஏதும் குழப்படியோ பிள்ளை?"

"இல்லை அன்ரி. ஒவ்வொருத்தருக்கும் சராசரிப் புள்ளி இருக்கு. கிளப்பில எல்லாரின்ரையும் கூட்டினால் ஒரு எல்லைக்குள்ள நிக்கவேணும். இவன்ரை கூடிப்போச்சு."

"அப்ப கூடாமல் ஓடியிருந்தால் வைச்சிருப்பினம்?"

"ஓம்."

"நல்ல நியாயம்!" அன்ரி சிரித்தார். "பேசாமல் ரெண்டுதரம் விழுந்திருக்கலாம்."

எல்லாக் கிளப்பும் சமமாக இருக்கத்தான் இந்த விதியாம். மேல்பிரிவு கூப்பிடும் என்று மனேஜர் அக்காவுக்கு ஆறுதல் சொன்னாராம். இதுவரை யாரும் கூப்பிடவில்லை. கீழ்ப்பிரிவில் மற்றக் கிளப்புகளுக்கும் இதே எல்லைதான்; மேலே கூப்பிடாவிட்டால் அவனுக்கு ஓட இடமில்லை.

விளங்கியவர்கள் தயவுசெய்து ராணி அன்ரிக்குச் சொல்லுங்கள்.

எழுதி வைத்துவிட்டு இன்றுதான் பதிவிடுகிறேன். காலையில் கிளப் தன் முகநூல் பக்கத்தில் அவனுடைய இடத்துக்கு வந்தவரை வரவேற்றிருந்தது. போன பருவத்தில் அநேகமாக எல்லா ஓட்டத்திலும் கடைசியாக வந்தவர். கீழே முதல் வாழ்த்து ஆரூரனுடையது. நான் லைக் போடவில்லை.