மூன்று நாள் பிரெட்

என் பெண்ணுக்கு சாண்ட்விச் என்றாலே ஆகாது. "பஞ்சைத் தின்னற மாதிரி இருக்கும்மா" என்பாள். அறுபதுகளின் நடுவில் பம்பாய் மாதுங்காவில் குடியிருந்தோம். அவள் தாதரில் ஒரு கான்வென்டில் இரண்டாம் வகுப்பு படித்தாள். தினமும் பத்தரை மணிக்குச் சுடச்சுட ரசம் சாதமோ பருப்பு சாதமோ பிசைந்து, நெய் விட்டு, டப்பாவைத் துண்டில் சுற்றி, மத்தியானச் சாப்பாட்டை ஸ்கூலில் சேர்க்கும் டப்பாவாலாவிடம் கொடுத்துவிடுவேன். டப்பா துடைத்தாற்போல் திரும்பி வரும். அதைப் பார்த்தால்தான் எனக்கு அடுத்த வேலை ஓடும்.

ஆனால் மாதத்தில் மூன்று நாள் நான் சமையலறைக்குள் போகக் கூடாது. எதையும், யாரையும் தொடக் கூடாது. பால்கனி ஓரத்தில் பாயும் சொம்புமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போதெல்லாம் எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். என் கணவருக்கோ வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. ராத்திரிக்கு ஹோட்டலிலிருந்து கேரியர் வாங்கி வருவார். குழந்தைக்குக் காலையில் இரண்டு துண்டு பிரெட்டில் வெண்ணெய் தடவி, வெள்ளரிக்காய் வைத்துக் கொடுத்துவிட்டு எட்டரை மணி ரயிலைப் பிடிக்க ஓடுவார். "கிளாஸ்ல பாதிக் குழந்தைகள் இதைத்தானே கொண்டு வரதுகள்? சாப்பிடுவா, போ" என்பார். நானும் சரி என்று இருந்துவிட்டேன். பெற்றவள் செய்கிற காரியமா அது? இப்போது நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து, நான் ஒதுங்கியிருந்த இரண்டாம் நாள். மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். ஸ்கூல் ஆயா நின்றிருந்தாள். தோளில் என் குழந்தை, துவண்ட கீரைத்தண்டாக. வகுப்பிலேயே மயங்கி விழுந்துவிட்டாளாம்.

"லோ பாயி" என்று குழந்தையை என்னிடம் நீட்டினாள்.

நான் இரண்டு கையையும் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டேன்.

யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போயிற்று. ஆயா நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பாயி, பச்சீ ஆப்கீ ஹை நா?" என்றாள். குழந்தை உங்களுடையதுதானே என்று என்னிடம் கேட்கிறாள்! உள்ளே பெஞ்சைக் கையால் காட்டினேன். அவளே கொண்டுபோய்ப் படுக்க வைத்து, குவளையில் தண்ணீர் எடுத்துப் புகட்டினாள். போகும்போது, இந்தக் குழந்தை பிரெட்டைச் சாப்பிடுவதில்லை, மைதானத்தில் வீசுகிறாள், தான் எத்தனையோ தடவை பார்த்திருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.

பால்கனியில் இருந்தபடியே கேட்டேன். "ஏண்டி, பிரெட்டைத் தூக்கியா எறியறே?"

"எறியலேம்மா. காக்காய்க்குப் போடறேன்."

"இன்னிக்கு மட்டுமா?"

"நீ ஒக்காந்துக்கற மூணு நாளும். ஸ்கூல் தெறந்ததுலேர்ந்தே."

"பிடிக்கலேன்னா சொல்லித் தொலைக்கறதுதானே?"

"பிடிக்கவும் இல்லே. ஆனா காக்காய்க்குப் பசிச்சாதானே உன்னை வந்து தொடறது? வயிறு ரொம்பிடுத்துன்னா வராதோல்லியோ?"

ஐயோ! அம்மாவை ஏன் தொடக் கூடாது என்று குழந்தைகள் கேட்டால், காக்காய் தொட்டுவிட்டது என்று சொல்லி வைப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். நானும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோயிருந்தேன். ஜூனிலிருந்து மாதாமாதம் மூன்று நாள் என் குழந்தை பட்டினி கிடந்து அந்தக் காக்காய்களுக்குத் தீனி போட்டிருக்கிறாள்.

சாயங்காலம் அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கும் முகம் வெளுத்துத்தான் போயிற்று. "அடுத்த மாசம் ஹோட்டல்காரன்கிட்ட சொல்லி வெக்கறேன்" என்றார்.

"ஹோட்டல்லே பத்தரை மணிக்குள்ளே சாதம் வடிச்சு யார் கொண்டு போய்க் குடுப்பா? அடுத்த மாசம் நானே சமைக்கறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? அடுக்களைலே சுவாமி படம் இருக்கு."

"அப்போ சுவாமியை ஹாலுக்குக் கொண்டு போங்கோ. கொழந்தை பட்டினி கெடக்கறதை சுவாமி அங்கேர்ந்து பார்க்கட்டும்."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவரை நான் எதிர்த்துப் பேசியதே இல்லை. அடுத்த மாதம் அந்த நாள் வந்தபோது, அவரே படத்தைக் கழற்றி ஹாலில் மாட்டிவிட்டு ஆபீஸ் போனார்.

குழந்தை ஸ்கூலுக்குக் கிளம்பும்வரை பழக்கத்தில் பாயிலேயே இருந்தேன். பிறகு தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே போனேன். ஸ்டவ்வைப் பம்ப் அடித்துப் பற்றவைத்தேன். ரசம் வைத்தேன், உருளைக்கிழங்கு வறுத்தேன். சாதத்தைக் குழையப் பிசைந்து, ஒரு கரண்டி நெய் அதிகமாகவே விட்டேன். டப்பாவாலா, "ஆஜ் பீ டப்பா?" என்று, இன்றைக்கும் டப்பாவா என ஆச்சரியப்பட்டு வாங்கிக்கொண்டு போனான். அதற்கப்புறம் நான் பால்கனிப் பக்கமே போகவில்லை.

மூன்று மணிக்கு டப்பா திரும்பி வந்தது. கையில் வாங்கியதுமே கனத்தது. திறந்தால், வைத்தது வைத்தபடி இருந்தது. நெய் மேலே வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஒரு பருக்கைகூடக் கலையவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவளிடம் பாய்ந்தேன். "என்னடி இது? சூடாத்தானே அனுப்பிச்சேன்?"

அவள் நான்கடி தள்ளியே நின்றாள். "காலம்பர நீ பாய்லே இருந்தியே, பார்த்தேன். இன்னிக்கு நீ தொட்டதை யாரும் தொடக் கூடாது, தொட்டா உனக்குத்தான் பாவம் வரும்னு நீதானேம்மா சொன்னே?"

"அதுக்காக நாள் முழுக்கப் பட்டினியாவா இருந்தே?"

"ஆமாம். தொடவே இல்லே" என்றாள். உதடு காய்ந்திருந்தது. முகத்தில் மட்டும், சொன்ன சொல் தவறாத குழந்தையின் பெருமை.

யாரைத் திட்டுவது? அவரையா, ஊரையா, சுவாமியையா? அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது என் வாய்தானே.

மறுபடியும் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். ரசத்தைச் சுடவைத்து, புதிதாகச் சாதம் வடித்துப் பிசைந்தேன். அவளைப் பிடித்திழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். உடம்பு முழுக்க விறைத்துக்கொண்டாள்.

"அம்மா, உனக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"ஆகாது. வாயைத் தெற."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.