அப்பா காய்ச்சிய டிரம்

எங்கள் பேண்டில் நாங்கள் நான்கு பேர். பாடுகிறவள், கிட்டார்க்காரன், கீபோர்டுக்காரன், டிரம்ஸ் வாசிக்கும் நான். போன வருஷம் ஒரு பழைய வேனில் ஊர் ஊராகக் கல்லூரி விழாக்களுக்குப் போனோம். வேலூருக்கு அடுத்து திருப்பத்தூர். எந்தக் கல்லூரி என்று கடைசியில்தான் தெரிந்தது. இரண்டாம் வருஷத்தோடு நான் படிப்பை விட்டுவிட்டு ஓடிய கல்லூரி அதுதான்.

ஓடியது டிரம்ஸுக்காக. ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் சாமை விதைத்து, புளி உலுக்கி என்னைப் படிக்க அனுப்பியவர் அப்பா. அதற்குப் பிறகு மழை, மாடு, உடம்பு என்று எல்லாம் பேசுவார். நான் வாசிப்பதைப் பற்றி மட்டும் எட்டு வருஷமாக ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் வீம்புக்காரிதான், சொன்னதில்லை. இந்த முறை போன் போட்டேன்.

"திருப்பத்தூர்லதான் வாசிக்கறேன்பா, மூணு மணிக்கு. ஒருவாட்டி வந்து கேளு."

"மண்டில புளி போட வர்ற வேல கீது. பாக்கலாம்," என்றார்.

வந்துவிட்டார். மண்டியில் மூட்டையை இறக்கிவிட்டு, சலவை வேட்டியில், ஊர் ஜீப் டிரைவரையும் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அரங்கத்துக்குப் பின்னால், புங்க மரத்தடியில் டிரம்ஸை இறக்கி வைத்திருந்தோம். அங்கேயே அவரை உட்காரச் சொல்லிவிட்டு மைக் சரிபார்க்க உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது புகை. அப்பா சருகைக் கூட்டித் தீ மூட்டி, என் ஸ்நேர் டிரம்மைக் குப்புறப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். முழங்கால்களுக்கு நடுவே வைத்து வாசிக்கிற சின்ன டிரம் அது. அது இல்லாமல் ஒரு பாட்டும் நிற்காது. அதன் மேல்பக்கம் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. அது தோலே இல்லை, பிளாஸ்டிக். மாற்றாக வைத்திருந்ததையும் முந்தின நாள் வேலூரில் நானே அடித்துக் கிழித்திருந்தேன்.

"தட்டிப் பாத்தேன், சத்தம் தொளதொளன்னு கீது. அதான் காய்ச்சனேன்," என்றார். பிறகு திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, தோலு உருகுது?" என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கத்துவதற்கு வாயைத் திறந்தும்விட்டேன். அப்போதுதான் எங்கள் ஊர்த் திருவிழா ஞாபகம் வந்தது. அப்பா மேளம் அடித்து யாரும் பார்த்ததில்லை, அவருக்குத் தாளம் வராது. ஆனால் அடிப்பதற்கு முன் தீ மூட்டி, தோலைப் பதமாகக் காய்ச்சி விறைப்பேற்றிக் கொடுப்பது அவர்தான். அந்த வேலையை வேறு யாரையும் தொட விடமாட்டார். எங்கள் ஊரில் பெண்கள் மேளத்தைத் தொடுவதும் இல்லை. அந்த மனிதர் இன்றைக்கு என் டிரம்முக்குத் தீ மூட்டியிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே பாடுகிறவள் நினைத்தாளாம்.

விழாவை நடத்திய மாணவி ஒருத்தி, "அக்கா, என்சிசி ரூம்ல அணிவகுப்பு டிரம் ஒண்ணு இருக்குதுக்கா!" என்று ஓடினாள். தூசி தட்டித் தூக்கி வந்தார்கள். அப்பா சும்மா இருப்பாரா, அதையும் சுண்டிப் பார்த்தார்.

"இதுவும் தொளதொளன்னுதான் கீது," என்று மடியில் தீப்பெட்டியைத் துழாவினார். கிட்டார்க்காரன் பாய்ந்து வந்து தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டான்.

அந்த டிரம் என் ஸ்டாண்டில் உட்காரவில்லை. ஒரு நாற்காலியில் வைத்துக் கயிற்றால் கட்டினோம். முதல் பாட்டில் அது தகரம்போலக் கத்தியது. இரண்டாவதில் என் கைக்குப் பழகியது. மூன்றாவதில் பிள்ளைகள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஆட ஆரம்பித்தார்கள். ஜீப் டிரைவர் அவர்களுக்கு நடுவில் புகுந்து ஒரு ஆட்டம் போட்டார். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த மேடையிலும் வாசித்ததில்லை. அப்பா மட்டும் முன்வரிசையில், கல்லூரி முதல்வர் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பாட்டுக்கும் கைதட்டவில்லை.

முடிந்ததும், இருட்டுவதற்குள் மலை ஏற வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்தினார். எப்படி இருந்தது என்று கேட்காமலே ஜீப் வரைக்கும் கூடப் போனேன். அப்பா ஜீப்பில் ஏறி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வண்டி நகர்ந்த பிறகுதான் தலையை வெளியே நீட்டினார்.

"திருவிழாவுக்கு வந்துடு. இந்தவாட்டி நீ அடி. ஊர்ல நான் சொல்லிக்கறேன், தீயும் நான் பாத்துக்கறேன்."

"வர்றேன்பா!" என்று கத்திக்கொண்டே கொஞ்ச தூரம் கூடவே ஓடினேன்.

"அந்த பிளாஸ்டிக்க மட்டும் எடுத்துனு வராத," என்றார்.